பந்து பாலுவின் கையில், தலைமை பிறர் கையில்: பல்வாங்கர் பாலுவின் வாழ்வு சொல்லும் பாடம்

கெலமங்கலம் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வறண்ட ஏரிகளும் அறுவடை முடிந்த நிலங்களும் கிரிக்கெட் திடல்களாக மாறுகின்றன. ஓசூர் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்த இளைஞர்கள் உறங்காமல் நேராகத் திடலுக்கு வந்துவிடுகிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கின்றன. எவராலும் வீழ்த்த முடியாத மட்டையாளர் ஒருவர் எதிரணியில் நின்று ஆடும்போது, ஊர் அணி காலனியிலிருந்து ஒரு பந்துவீச்சாளரைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அவரும் வந்து வீசுகிறார், விக்கெட்டை வீழ்த்துகிறார். ஆனால் எவருக்கு எதிராக எவரை வீசச் செய்வது, களத்தில் எவரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் இடத்தில் காலனி இளைஞர் ஒருவர் இருப்பதை நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம்.

திறனைப் பயன்படுத்திக்கொண்டு அதிகாரத்தை மறுக்கும் இந்த வழக்கம் புதிதன்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் முழு வடிவத்தையும் தன் உடலில் தாங்கிய ஒருவர் வாழ்ந்தார். இந்தியாவின் முதல் பெரும் பந்துவீச்சாளர் என்று வரலாற்றாசிரியர்கள் இன்று ஏற்றுக்கொள்ளும் பல்வாங்கர் பாலுதான் அவர். அவருடைய வாழ்வை ஒரு விளையாட்டு வீரரின் வெற்றிக் கதையாக மட்டும் படிப்பது போதாது. எவரை எவருக்கு எதிராக நிறுத்துவது என்னும் முடிவு எவர் கையில் இருந்தது என்ற கேள்வியோடு படிக்க வேண்டும்.

உருளை இழுத்த கை

பாலு 1876ஆம் ஆண்டு, இன்றைய கருநாடகத்தின் தார்வாடில் பிறந்தார். தோல் தொழிலோடு பிணைக்கப்பட்டுத் தீண்டத்தகாதோர் என ஒதுக்கப்பட்ட சமார் சாதியைச் சேர்ந்தது அவருடைய குடும்பம். கொங்கணக் கரையிலுள்ள பல்வண் என்ற ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று. தந்தை பூனாவில் பிரித்தானியப் படையைச் சார்ந்த பணியில் இருந்தார். படை அதிகாரிகள் விட்டுச்சென்ற மட்டையையும் பந்தையும் கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடக் கற்றனர்.

பாலுவின் முதல் வேலை பார்சிகளின் கிரிக்கெட் மன்றம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டுவது. மாதக் கூலி மூன்று ரூபாய். 1892 வாக்கில் ஐரோப்பியர்களின் பூனா மன்றத்துக்கு மாறினார். அங்கே கூலி நான்கு ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, உருளை இழுப்பது ஆகியவற்றோடு உறுப்பினர்களுக்குப் பந்து வீசுவதும் அவருடைய வேலையாயிற்று. இடது கையால் மெதுவாகச் சுழற்றி வீசினார். வலக்கை மட்டையாளருக்கு அத்தகைய பந்து தரையில் பட்டு மட்டையை விட்டு விலகிச் செல்லும். தொடலாமா விடலாமா என்று அவர் தயங்கும் நொடியில் விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் நிற்பவரிடம் போய்ச் சேரும்.

பூனா மன்றத்தின் சிறந்த மட்டையாளர் கேப்டன் ஜே. ஜி. கிரெய்க். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் அணிக்கும் ஆடியவர். அவர் நாள்தோறும் பாலுவை வீசச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். தம்மை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா தந்தார் என்று சொல்லப்படுகிறது. எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதக் கூலி கிடைத்துவிடும். இந்தியாவின் மிகச் சிறந்த ஐரோப்பிய மட்டையாளர் ஒருவருக்கு எதிராக ஆயிரக்கணக்கான பந்துகள் வீசி, பாலு தம் கலையைத் தீட்டிக்கொண்டார். ஆயினும் அந்த மன்றத்தில் மட்டை பிடிக்க அவருக்கு ஒருமுறைகூட வாய்ப்புத் தரப்படவில்லை. மட்டை வீசுவது எசமானரின் உரிமை, பந்து போடுவது ஏவலரின் உழைப்பு என்று கருதப்பட்ட காலம் அது.

தனிக் குவளை

பூனாவின் இந்துக்கள் ஐரோப்பியர்களை வெல்ல விரும்பினார்கள். கிரெய்க்கைத் தடுமாறச் செய்யும் ஒருவர் அதே நகரில் இருக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அவரைச் சேர்க்கலாமா என்பதில் மன்றம் பிளவுபட்டது. தெலுங்கு பேசிய உறுப்பினர்கள் சிலர் சேர்க்க வேண்டும் என்றனர். மராத்தியப் பார்ப்பன உறுப்பினர்கள் மறுத்தனர். இறுதியில் வெற்றியின் தேவை தீட்டின் அச்சத்தை ஓரளவு தள்ளிவைத்தது. பாலு அணியில் சேர்க்கப்பட்டார்.

களத்துக்குள் அனைவரும் தொட்ட பந்தை அவரும் தொட்டார். களத்துக்கு வெளியே தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் அரங்குக்கு வெளியே, குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவு தனித் தட்டில், தனி மேசையில். முகம் கழுவ நீர் வேண்டுமென்றால் அதைக் கொண்டுவரவும் ஒரு தீண்டப்படாத பணியாள் வேண்டும். அவர் வீழ்த்திய விக்கெட்டுகளின் பெருமை மட்டும் அனைவருக்கும் பொதுவாக இருந்தது.

சாதாராவின் வெள்ளையர் மன்றத்தோடு ஆடச் சென்றபோது, பாலுவின் சுழற்சியை முறியடிக்க அவர்கள் ஆடுகளத்தைப் பல நாட்கள் உருட்டி இறுக்கி வைத்திருந்தார்கள். பாலு ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். பூனா திரும்பியதும் பாராட்டுகள் நடந்தன. சீர்திருத்தவாதியான மகாதேவ கோவிந்த ரானடே அவரைப் பொதுவில் பெருமைப்படுத்தினார். அவரோடு சேர்ந்து ஆட முடிந்தவர்கள் அவரோடு சேர்ந்து உண்ண மறுப்பது எவ்வகையில் நியாயம் என்ற கேள்வி அப்போதுதான் பொதுவெளிக்கு வந்தது.

பூனாவைப் பிளேக் நோய் சூழ்ந்த காலத்தில் குடும்பம் பம்பாய்க்கு நகர்ந்தது. அங்கே இந்து ஜிம்கானா அவரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் ரயில்வேயில் வேலை பெற்றார். 1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியர்களை எதிர்கொண்டபோது பாலுவோடு சிவராமும் அணியில் இருந்தார். இந்துக்கள் 242, ஐரோப்பியர் 191. மீண்டும் இந்துக்கள் 160, ஐரோப்பியர் 102. 109 ஓட்டங்களில் கிடைத்த அந்த வெற்றி நாடெங்கும் பேசப்பட்டது. ஆளும் இனத்தை அதன் ஆட்டத்திலேயே வென்ற பெருமையை இதழ்கள் எழுதின. அந்த வெற்றியில் தீண்டப்படாத சகோதரர்களின் பங்கைச் சுட்டி, சாதிக் கட்டுப்பாட்டைக் கைவிடுவதன் பயனைச் சீர்திருத்த இதழ்கள் விளக்கின.

பத்தொன்பது வயது மகாராஜாவும் 114 விக்கெட்டுகளும்

1911இல் முதன்முறையாக அனைத்திந்திய அணி ஒன்று இங்கிலாந்து சென்றது. அணித்தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது பத்தொன்பது. பெரும்பாலான ஆட்டங்களில் அவர் களமிறங்கவே இல்லை. பாலுவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. அணி தோல்விமேல் தோல்வி கண்ட அந்தப் பயணத்தில் பாலு மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஒரு விக்கெட்டுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக 19க்கும் குறைவு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஒரே இன்னிங்சில் எட்டுப் பேரை வீழ்த்தினார். தலைமை பிறப்பால் வந்தது, உழைப்பு பாலுவிடமிருந்து வந்தது.

ஊர் திரும்பிய அவரைப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் கொண்டாடி வரவேற்றார்கள். அன்று இருபது வயதைக் கடந்திராத பீமராவ் அம்பேத்கரும் பாலுவைப் போற்றியவர்களுள் ஒருவர். நம் சாதியில் பிறந்தவர் உலகின் எந்த அரங்கிலும் நிற்க முடியும் என்பதற்குப் பாலு கண்கண்ட சான்றாக விளங்கினார்.

மறுக்கப்பட்ட பதவி

ஆனால் இந்து அணியின் தலைமை அவருக்கு வரவில்லை. கிரிக்கெட்டில் அணித்தலைவர் என்பது வெறும் அலங்காரப் பதவியன்று. எந்த மட்டையாளருக்கு எதிராக எந்தப் பந்துவீச்சாளரை எந்த நேரத்தில் இறக்குவது, ஸ்லிப்பில் எத்தனை பேர், எல்லைக்கோட்டில் எவர் என்பன அனைத்தும் அவருடைய முடிவுகள். பாலு தலைவராக வேண்டுமென்றால், பார்ப்பன வீரர் ஒருவர் அவர் கைகாட்டும் இடத்தில் போய் நிற்க வேண்டும். பாலுவின் பந்துகளை ஏற்றுக்கொண்டவர்களால் அதை ஏற்க முடியவில்லை. 1910களில் ஆண்டுதோறும் அவருக்குத் தலைமை தர வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஆண்டுதோறும் அது மறுக்கப்பட்டது. 1913இல் தலைவரான எம். டி. பை, தம் பாராட்டு விழாவிலேயே, அந்தப் பெருமை பாலுவுக்கு உரியது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

1920இல் சிக்கல் முற்றியது. பாலு அணியிலிருந்தே நீக்கப்பட்டார். பை உடல்நலமின்றி ஆட முடியாதபோது, அணியின் மூத்த மட்டையாளரான பாலுவின் தம்பி விட்டலைத் தாண்டி, பூனாவின் டி. பி. தேவதருக்குத் தலைமை தரப்பட்டது. விட்டலும் சிவராமும் அணியை விட்டு விலகினார்கள். சாதியின் பெயரால் தங்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பை அறிக்கையாக வெளியிட்டார்கள். நமக்குத் தெரிந்தவரை, இந்திய விளையாட்டுக் களத்தில் சாதிப் பாகுபாட்டை எதிர்த்து நடந்த முதல் வெளிப்படையான வேலைநிறுத்தங்களுள் இது ஒன்று. மக்களின் கருத்து அவர்கள் பக்கம் திரும்பியது. இறுதி ஆட்டத்துக்குப் பை தலைவராகத் திரும்பினார், பாலு துணைத்தலைவரானார், தம்பியரும் திரும்பி வந்தனர். பை களத்தை விட்டு வெளியேறிய சிறிது நேரம் பாலு அணியை வழிநடத்தினார். அவ்வளவே அவருக்குக் கிடைத்தது.

1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டே ஐரோப்பியரை வென்று கோப்பையைப் பெற்றுத் தந்தார். அண்ணனுக்கு மறுக்கப்பட்டது தம்பிக்குக் கிடைத்தது. அது எவருடைய பெருந்தன்மையாலும் கிடைத்ததன்று. ஆட மாட்டோம் என்று சொல்லும் துணிவால் கிடைத்தது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்கக் கால்பந்தில் கார்னர்பேக் என்பவர் எதிரணியின் வேகமான பந்து பிடிப்பாளரை நிழல்போலத் தொடர்ந்து தடுப்பவர். எந்தப் பிடிப்பாளருக்கு எந்தக் கார்னர்பேக் என்று பொருத்துவது பயிற்சியாளரின் வேலை. 1934 முதல் 1945 வரை அந்தத் தொழில்முறைக் கூட்டமைப்பில் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. பின்னர்ச் சேர்க்கப்பட்டபோது, ஓட்டமும் வேகமும் வேண்டும் இடங்களில் அவர்களைக் குவித்துவிட்டு, ஆட்டத்தை இயக்கும் குவார்ட்டர்பேக் போன்ற இடங்களை வெள்ளையருக்கு வைத்துக்கொண்டதை அமெரிக்கச் சமூகவியலாளர்கள் 1970 வாக்கிலேயே எடுத்துக்காட்டினர். 1921இல் ஃபிரிட்ஸ் பொல்லார்டு பயிற்சியாளராக இருந்தபின், அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக ஆர்ட் ஷெல் வருவதற்கு 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உடலுழைப்பை ஏற்பதும் முடிவெடுக்கும் உரிமையை மறுப்பதும் அங்கும் சேர்ந்தே நடந்தன.

அம்பேத்கருக்கு எதிராக

பாலுவின் வாழ்வில் நம்மை மிகவும் உறுத்தும் பகுதி இனித்தான் வருகிறது. ஓய்வுக்குப்பின் அவர் அரசியலுக்கு வந்தார். 1932இல் தனித்தொகுதி வாக்குரிமைக்காக அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும் வாதாடிக்கொண்டிருந்தபோது, எம். சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத்தொகுதியை ஆதரித்தவர் பாலு. பூனா ஒப்பந்தத்தில் அவருடைய கையொப்பமும் இருக்கிறது. 1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தல் வந்தது. சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் அம்பேத்கர் போட்டியிட்டார். அவருக்கு எதிராக நிறுத்தக் காங்கிரசு தேடியது தீண்டப்படாத மக்கள் அனைவருக்கும் தெரிந்த, அவர்கள் நேசித்த ஒருவரை. பாலு நிறுத்தப்பட்டார்.

அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்று வென்றார். பாலு பெற்றவை 11,225. வேறுபாடு 2,020 வாக்குகள் மட்டுமே.

பாலுவைத் துரோகி என்று ஒதுக்குவது எளிது. நாம் அதைச் செய்ய விரும்பவில்லை. இந்து மன்றங்களுக்குள் நின்று, அவமதிப்புகளுக்கிடையே அங்குலம் அங்குலமாக முன்னேறிய ஒருவருக்கு, உள்ளிருந்தே மாற்றலாம் என்ற நம்பிக்கை ஏற்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் தேர்தலின் அமைப்பை நாம் தெளிவாகப் பார்க்க வேண்டும். கிரெய்க்குக்கு எதிராகப் பாலுவை இறக்கிய அதே கணக்குத்தான் அம்பேத்கருக்கு எதிராகவும் பாலுவை இறக்கியது. இரண்டு முறையும் கணக்குப் போட்டவர் பாலு அல்லர். தலித் ஒருவரை வீழ்த்தத் தலித் ஒருவரையே நிறுத்தும் அந்த உத்தி 1937ஓடு முடிந்துவிடவில்லை. தனித்தொகுதி ஒவ்வொன்றிலும், ஊராட்சித் தேர்தல் ஒவ்வொன்றிலும் நாம் அதை இன்றும் காண்கிறோம். வேட்பாளர் நம்மவர், வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர் நம்மவரா என்று கேட்கும் பழக்கம் நமக்கு இன்னும் போதுமான அளவு வரவில்லை.

சட்டம் எட்டும் இடமும் எட்டாத இடமும்

தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் 1955 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. பொது உணவகத்தில் பாத்திரங்களைப் பயன்படுத்துவதில் தீண்டாமை காட்டுவது அன்றுமுதல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பாலு 1955 ஜூலை 4 அன்று பம்பாயில் காலமானார். மண்குவளையில் தேநீர் குடிக்க வைக்கப்பட்டவர், தனிக் குவளையைக் குற்றமாக்கிய சட்டத்தோடு வாழ்ந்தது ஒரு மாதம் மூன்று நாட்கள்.

வழக்குரைஞர்களாக நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குவளையை வழக்காக்க முடியும். குவளை கண்ணுக்குத் தெரியும், சாட்சி சொல்ல ஆள் கிடைக்கும், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணை நிற்கும். தலைமை மறுக்கப்படுவதை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பது கடினம். தேர்வுக் குழு காரணம் சொல்லத் தேவையில்லை. அனுபவம் போதாது, அனைவரும் ஒத்துழைக்க மாட்டார்கள், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற பேச்சுகளுக்குப் பின்னால் சாதி மறைந்துகொள்ளும். ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராகவே முதுமை அடையும் நம் உறவினர்களும், கல்லூரியில் விழா வேலைகள் அனைத்தும் செய்துவிட்டு மாணவர் பொறுப்பு ஒன்றும் பெறாத நம் பிள்ளைகளும் இதை அறிவார்கள்.

சட்டம் எட்டாத அந்த இடத்தில் பல்வாங்கர் சகோதரர்கள் 1920இல் ஒரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் மூவரும் அணிக்குத் தேவைப்பட்டார்கள். தங்கள் தேவையை உணர்ந்து, ஒன்றாக விலகி, காரணத்தை எழுதி ஊரறியச் சொன்னார்கள். மூன்றாண்டுகளில் அவர்களுள் ஒருவர் தலைவரானார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர் அணி காலனிக்கு ஆள் கேட்டு வரும்போது, நம் இளைஞர்கள் தாராளமாகப் போய் ஆடட்டும். போகும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: இந்த ஆண்டு அணித்தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள்?