பழி சுமந்த மரியாள்

ஏறக்குறைய 1,400 ஆண்டுகள்! செய்யாத குற்றத்துக்காக ஒரு பெண் இத்தனை காலம் பழி சுமந்தார். அவர்தான் மகதலேனா மரியாள்.

கலிலேயாக் கடல் என்பது பெயருக்குத்தான் கடல். உண்மையில் அது ஒரு நன்னீர் ஏரி. அதன் மேற்குக் கரையில் மக்தலா என்ற ஊர் இருந்தது. மீன் பிடிப்பதும், பிடித்த மீனுக்கு உப்பிடுவதும் அங்கே தொழில். மரியாள் அந்த ஊர்க்காரர்.

ஏழு பிசாசுகள் அவரைப் பிடித்து ஆட்டின. இயேசு அவற்றை விரட்டினார். அன்று முதல் மரியாள் இயேசுவோடு ஊர் ஊராகச் சென்றார். கையில் இருந்த பொருளையும் கொடுத்து உதவினார்.

இயேசுவைச் சிலுவையில் அறைந்தார்கள். சீடர்களில் பெரும்பாலோர் ஓடி ஒளிந்தார்கள். மரியாள் ஓடவில்லை!

ஞாயிற்றுக்கிழமை. இருட்டோடு எழுந்து கல்லறைக்குப் போனார். கல் புரண்டு கிடந்தது. உடலைக் காணோம். நின்று அழுதார். எதிரே ஒருவர் தெரிந்தார். தோட்டக்காரர் என்று மரியாள் நினைத்தார். அவர் பெயர் சொல்லி அழைத்த பிறகுதான் தெரிந்தது, அவர் இயேசு என்று!

மரியாள் ஓடிப்போய்ச் சீடர்களிடம் சொன்னார். அவர்கள் நம்பவில்லை. பெண்கள் ஏதோ பிதற்றுகிறார்கள் என்று நினைத்தார்கள்.

வேதத்தில் உள்ள கதை இதுதான். அவர் நடத்தை கெட்டவர் என்று ஒரு வரிகூட இல்லை.

பின் பழி எப்படி வந்தது?

லூக்கா சுவிசேஷத்தில் வேறொரு பெண் வருகிறாள். பாவி என்று ஊரார் ஒதுக்கிய பெண். கண்ணீரால் இயேசுவின் பாதங்களை நனைத்துக் கூந்தலால் துடைக்கிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. அடுத்த அதிகாரத்தில் மகதலேனா மரியாளின் பெயர் வருகிறது. அவ்வளவுதான் சம்பந்தம்!

591-ம் ஆண்டில் ரோமில் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கம் செய்தார். இருவரும் ஒருவரே என்றார். பெத்தானியா ஊர் மரியாளையும் சேர்த்துக்கொண்டார். மூன்று பெண்கள் ஒரே பெண் ஆனார்கள். வேதத்தை நிதானமாகப் புரட்டியிருந்தால் போதும். இந்தக் குழப்பம் வந்திராது.

கிழக்குத் திருச்சபைகள் இதை ஏற்கவில்லை. ஆனால் மேற்கு ஐரோப்பா நம்பியது. ஓவியர்கள் அவரைக் கூந்தலை விரித்து அழும் பாவியாக வரைந்தார்கள். வழி தவறியவர்கள் என்று சொல்லிப் பெண்களை அடைத்து வைத்த விடுதிகளுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. அயர்லாந்தில் அந்தப் பெண்கள் கூலியின்றி ஊரார் துணியை வெளுத்தார்கள். அங்கே கடைசி விடுதி மூடப்பட்டது 1996-ல்தான்!

இதற்கிடையே, 1969-ல் கத்தோலிக்கத் திருச்சபை தன் நாட்காட்டியைத் திருத்தியது. ஜூலை 22 மரியாளின் நாள். அன்றைய பூசையில் பாவிப் பெண்ணின் கதை வாசிப்பது நின்றது. கல்லறைத் தோட்டத்துக் கதை வந்தது.

2016-ல் போப் பிரான்சிஸ் அந்த நாளை விழா வரிசைக்கு உயர்த்தினார். அப்போஸ்தலர்களின் நாட்களுக்கு உள்ள அதே தகுதி, கருவாட்டு ஊர்ப் பெண்ணின் நாளுக்கும் கிடைத்தது.