சைக்கிளில் கிளம்பினார்... எவரெஸ்டில் ஏறினார்!

குட்டீஸ்... அம்பத்தூர் பக்கத்தில் உள்ள மேனாம்பேட்டில் உங்கள் வீடு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, சைக்கிளில் பரங்கிமலைக்குக் கிளம்புகிறீர்கள். அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டி விட்டு, படியேறி உச்சிக்குப் போகிறீர்கள். திரும்பவும் சைக்கிளிலேயே வீடு வந்து சேர்வதற்குள் கால் இரண்டும் கெஞ்சும், இல்லையா?

பரங்கிமலைக்குப் பதில் எவரெஸ்ட் என்றால்? அதையும் ஒருவர் செய்து காட்டினார்! அவர் பெயர் யோரன் கிராப். ஐரோப்பாவில் உள்ள ஸ்வீடன் நாட்டுக்காரர். 1966ம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பாவுடன் மலையேறப் பழகினார். 1993ல், உலகின் இரண்டாவது உயரமான கே-2 சிகரத்தை எட்டினார்.

அடுத்து எவரெஸ்ட்! மற்றவர்கள் நேபாளம் வரை விமானத்தில் வருவர். மூட்டை சுமக்கவும், வழிகாட்டவும் ஷெர்பாக்கள் இருப்பர். மூச்சு விட ஆக்சிஜன் உருளை இருக்கும். கிராப் இவை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தார். வீட்டு வாசலில் இருந்து சிகரம் வரை, சொந்த பலத்தில் மட்டுமே போக வேண்டும் என்பது அவர் ஆசை.

1995ம் ஆண்டு, அக்டோபர் 16ல் சைக்கிளில் புறப்பட்டார். உணவும், மலையேறும் கருவிகளுமாக 108 கிலோ சுமை! உங்களைப் போல மூன்று பேரை ஏற்றிக் கொண்டு மிதிப்பது போலத்தான். துருக்கி, ஈரான், பாகிஸ்தான், இந்தியா வழியாக, கிட்டத்தட்ட 13 ஆயிரம் கி.மீ., மிதித்து நேபாளம் சேர்ந்தார். பாதை முடிந்த இடத்தில் சைக்கிளை விட்டு விட்டு, மூட்டைகளை முதுகில் சுமந்து நடந்தார். 1996 ஏப்ரலில் எவரெஸ்ட் அடிவார முகாமை அடைந்தார்.

மே 3ம் தேதி. தொடை வரை புதையும் பனியில், தனியாக ஏறினார். சிகரத்துக்கு இன்னும் 100 மீட்டர்தான் பாக்கி! ஆனால், நேரம் ஆகிவிட்டது. உச்சியைத் தொட்டால், இருட்டில் இறங்க வேண்டி வரும். அது உயிருக்கே ஆபத்து. அத்தனை ஆயிரம் கி.மீ., கடந்து வந்தவர், அந்த 100 மீட்டரை விட்டு விட்டுத் திரும்பினார்!

அது எவ்வளவு பெரிய முடிவு என்பது ஒரே வாரத்தில் தெரிந்தது. மே 10ல், இறங்க வேண்டிய நேரம் கடந்த பிறகும் பலர் ஏறிக் கொண்டிருந்தனர். திடீரென பனிப்புயல் தாக்கியது. எட்டு பேர் உயிரிழந்தனர். கீழே ஓய்வில் இருந்த கிராப், காயம்பட்டவர்களுக்காக மருந்துகளை மேலே கொண்டு போக உதவினார்.

மே 23ம் தேதி மறுபடி ஏறினார். இம்முறை உச்சியைத் தொட்டு விட்டார்... ஆக்சிஜன் உருளை இல்லாமலே! திரும்பும்போதும் பாதி வழி சைக்கிள்தான். 1999ல் மீண்டும் எவரெஸ்ட் ஏறியவர், பிறர் வீசிச் சென்ற காலி ஆக்சிஜன் உருளைகளைக் கீழே கொண்டு வந்தார்.

2002ம் ஆண்டு, அமெரிக்காவில் ஒரு பாறையில் ஏறும்போது தவறி விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 35.

குட்டீஸ்... மலை எங்கேயும் ஓடிப் போகாது. பத்திரமாகத் திரும்பி வந்தால், இன்னொரு நாள் ஏறலாம். அடுத்த முறை பரங்கிமலைக்கு சைக்கிளில் கிளம்பும்போது, பெரியவர்கள் யாரையாவது துணைக்குக் கூப்பிடுங்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்பி விடுங்கள். சரியா?