சிவகாமியை வரலாற்றில் தேடுபவர்கள்

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வரும் பள்ளிப் பிள்ளைகள் பலர், ஆயனச் சிற்பியும் சிவகாமியும் அங்கே வாழ்ந்தவர்கள் என்றே நம்புகிறார்கள். உடன் வரும் ஆசிரியர்களில் சிலரும் அப்படித்தான். பல்லவர் சாசனங்களில் அவ்விருவருக்கும் இடமில்லை. அவர்கள் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள்.

ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி, 1899 செப்டம்பர் 9 அன்று மயிலாடுதுறை அருகேயுள்ள புத்தமங்கலத்தில் பிறந்தார். ஒத்துழையாமை இயக்கத்தின்போது திருச்சியில் பள்ளிப் படிப்பைத் துறந்து சிறை சென்றவர். வரலாற்றை எந்தக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். திரு.வி.க.வின் நவசக்தியிலும் ராஜாஜியின் விமோசனத்திலும் எஸ்.எஸ். வாசனின் ஆனந்த விகடனிலும் எழுத்தைத் தொழிலாகக் கற்றார்.

1941இல் சத்தியாகிரகத்தில் மீண்டும் சிறை, விகடனிலிருந்து விலகல், சதாசிவத்துடன் இணைந்து 'கல்கி' இதழின் தொடக்கம். அதற்கு முதலீடாக அமைந்தது, 'சாவித்திரி' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம். பொருளாதாரம் கற்பித்தவன் என்பதாலோ என்னவோ, அந்தத் துணிவை எண்ணி நான் வியப்பதுண்டு. உலகப் போர் நடக்கிறது, காகிதத் தட்டுப்பாடு வேறு. அந்த வேளையில் ஒரு புதிய இதழ்! வாசகரை அதனிடம் திரும்ப அழைத்து வந்தவை தொடர்கதைகளே. முதலில் 'பார்த்திபன் கனவு'. பின்னர், 1944 முதல் 1946 வரை, 'சிவகாமியின் சபதம்'.

அந்த நாவலின் கரு, ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் அமர்ந்திருந்த ஓர் இரவில் உருவானதாக அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், புலிகேசி ஆகியோரும் 642ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்த வாதாபிப் படையெடுப்பும் வரலாறு. படைத்தலைவர் பரஞ்சோதியைச் சேக்கிழார் சிறுத்தொண்டராக முன்பே பாடியிருந்தார். பாடநூலில் சில வரிகளுக்குள் அடங்கிய பல்லவர் காலம், வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்ட அத்தொடரால் பிள்ளைகளுக்கு நெருக்கமானது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. கடற்கரைக் கோயிலை எழுப்பியவன் ராசசிம்மன். மாமல்லனுக்கு மூன்று தலைமுறைக்குப் பிற்பட்டவன். அவன் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? செங்கல்பட்டை அடுத்த வல்லம் குன்றிலும் மகேந்திரன் காலத்துக் குடைவரை இருக்கிறது. அதைச் செய்வித்த சிற்றரசன் கந்தசேனனின் பெயரைத் தமிழ்க் கல்வெட்டு அங்கேயே தாங்கி நிற்கிறது. கந்தசேனனைக் கதையாக்க ஒருவரும் வரவில்லை. மாமல்லைக்குப் போகும் பேருந்துகள் வல்லத்தில் நிற்பதுமில்லை. ஆனால், இந்தக் குறையைக் கல்கியின் மேல் சுமத்த எனக்கு மனமில்லை. கதையைப் படித்தபின் கல்வெட்டையும் காட்ட வேண்டியது ஆசிரியர்களின் வேலை.

'பொன்னியின் செல்வன்' முடிவுற்ற 1954ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 5 அன்று, 55 வயதில் கல்கி காலமானார். மறைவுக்குப் பின், 1956இல், சாகித்திய அகாதமி விருது பெற்றது அவருடைய சரித்திர நாவல் எதுவுமன்று. விடுதலைப் போராட்டத்தையும் பிரிவினையையும் சொல்லும் 'அலை ஓசை'. தம் நூல்களில் நிலைக்கத் தக்கது அதுவே என்று அவரும் கருதியிருந்தார். மாமல்லையில் சிவகாமியைத் தேடும் பிள்ளைகளில் அதைப் படித்தவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.