ஜோ லூயிஸின் மூன்று தோல்விகள்

குத்துச்சண்டை வீரரொருவரின் தகுதியை அளக்க முற்படுவோர் முதலிற் புரட்டுவது அவரது போட்டிக் கணக்கையே. வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை, எதிரியை எழவொட்டாது வீழ்த்தியவை எத்தனை என மூன்று நிரல்களுள் ஒரு வாழ்வு அடங்கிவிடுகின்றது. அக்கணக்கின்படி றொக்கி மார்சியானோ 49 போட்டிகளிலும் வென்றவர். ஜோ லூயிஸோ 69 போட்டிகளில் 66 இல் வென்று 3 இல் தோற்றவர். முன்னவரே மேலானவர் என முடிவு கட்டுமுன் அம்மூன்று தோல்விகளையும் சற்று விரித்து நோக்குதல் தகும்.

1914 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, பிறர் நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பமொன்றில் லூயிஸ் பிறந்தார். அவருடைய பாட்டன்மார் அடிமைகளாயிருந்தவர்கள். குடும்பம் பின்னர் டெட்ரோயிட் நகருக்குப் பெயர்ந்தது. 1934 இல் தொழில்முறைப் போட்டிகளில் இறங்கிய அவர் ஈராண்டு தோல்வியறியாது நின்றார். 1936 இல் யேர்மனிய வீரர் மாக்ஸ் ஷ்மெலிங் அவரைப் பன்னிரண்டாஞ் சுற்றில் வீழ்த்தினார். குத்தியபின் இடக்கையைத் தாழவிடும் லூயிஸின் பழக்கத்தை ஷ்மெலிங் முன்னரே கண்டுகொண்டிருந்தார். முதல் தோல்விக்குக் காரணம் லூயிஸின் குறையே என்க.

அக்குறையைக் களைந்த அவர் 1937 இல் ஜேம்ஸ் பிரடொக்கை வென்று அதிபாரப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்றார். மறுவருடம் நியூயோர்க்கிலே ஷ்மெலிங்கை மீண்டும் எதிர்கொண்டு 124 விநாடிகளில் வீழ்த்தினார். நாற்சி அரசு தன் இனப்பெருமைக்குச் சான்றாகக் காட்டிய வீரர், அடிமைகளின் பேரன்முன் வீழ்ந்தார். பிற்காலத்தில் இருவரும் நண்பராயினர். ஏறத்தாழப் பன்னிரண்டாண்டுகளில் 25 முறை லூயிஸ் பட்டத்தைக் காத்துக்கொண்டார். அப்பிரிவில் இன்றளவும் இதனை விஞ்சியவர் இலர். மார்சியானோ காத்தது 6 முறை.

1942 இல் இரு போட்டிகளின் வருவாயைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்கு ஈந்த லூயிஸ், தாமும் படையிற் சேர்ந்தார். ஈந்த பணத்துக்கும் அரசு வருமானவரி கோரிற்று. வட்டியோடு கடன் பெருகிற்று. 1949 இல் பட்டத்தோடு ஓய்வு பெற்றவரை அக்கடன் 1950 இல் மீண்டும் மேடைக்கு இழுத்தது. எசார்ட் சார்ள்ஸ் பதினைந்து சுற்றுகளின் முடிவிற் புள்ளிகளால் அவரை வென்றார். 1951 ஒக்டோபர் 26 அன்று, 37 வயது லூயிஸ் 28 வயது மார்சியானோவை எதிர்கொண்டார். எட்டாஞ் சுற்றில் கயிறுகளினூடே வெளியே சாய்ந்தார். வென்றவரும் கண்ணீர் உகுத்தார் என்பர்.

அவ்விரவு ஒருவரின் கணக்கில் வெற்றியாகவும் மற்றவரின் கணக்கில் தோல்வியாகவும் பதிந்தது. தளர்ந்த வயதுக்கும் தீராக் கடனுக்கும் அங்கே நிரல் இல்லை. மார்சியானோ 1956 இல் தோல்வியறியாது ஓய்ந்து, 1969 இல் விமான விபத்தில் மாண்டார். 1981 இல் மறைந்த லூயிஸ், படைவீரர் துயிலும் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இருவர் கணக்கையும் ஒப்புநோக்குவோர் ஒவ்வோர் இலக்கத்தின் அருகிலும் ஆண்டையும் வயதையும் எழுதிக்கொள்வாராக.