பருத்திக்காட்டிலிருந்து ஓட்டுச்சாவடிக்கு: பேனி லூ ஹேமர் அம்மா

இந்த மலருக்கு ஒரு தலைவியின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நமக்குத் தெரிந்த தலைவிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதுவாங்க. நான் அமெரிக்காவில் கூலிக்குப் பருத்தி எடுத்துப் பிழைத்த ஒரு கறுப்பினப் பெண்மணியைப் பற்றி எழுதுகிறேன். பேர் பேனி லூ ஹேமர். உள்ளாட்சித் தேர்தலில் நின்ற நம் உறுப்பினர்கள் இதைக் கட்டாயம் படிக்கணும்.

1917 அக்டோபர் 6-ந் தேதி மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தார். 20 பிள்ளைகளில் கடைக்குட்டி. இவருக்கு 2 வயசு இருக்கும்போது குடும்பம் சன்ஃப்ளவர் கவுண்டிக்குக் குடிவந்தது. கவுண்டி என்றால் நம்ம மாவட்டம், தாலுகா மாதிரி ஒரு பகுதி. அங்கே ஜனங்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். ஆனால் நிலம், கடை, கச்சேரி எல்லாம் வெள்ளைக்காரர் கையில். கறுப்பர்கள் வாரத்துக்கு உழுதார்கள். விளைச்சலில் பாதி என்று பேச்சு. விதைக்கு, உரத்துக்கு, வீட்டுச் சாமானுக்கு என்று பண்ணையார் கணக்கில் கழித்தபிறகு கையில் ஒன்றும் நிற்காது.

6 வயசில் ரோட்டோரம் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைப் பண்ணையார் கூப்பிட்டு, ஒரு வாரத்தில் 30 பவுண்டு பருத்தி எடுத்தால் கடையில் இருந்து தின்பண்டம் தருவதாகச் சொன்னார். நம்ம கணக்கில் 14 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பிள்ளையும் ஆசைப்பட்டு எடுத்தது. அடுத்த வாரம் 60 பவுண்டு எடுக்கணும் என்றார். அவ்வளவுதான், அன்றையிலிருந்து வேலைக்காரி. போலியோ வந்து ஒரு கால் சாய்த்துத்தான் நடப்பார். அந்தக் காலோடுதான் காட்டில் நாள் முழுக்க நிற்கணும்.

பள்ளிக்கூடம் வருசத்துக்கு நாலு மாசம்தான். பருத்தி வேலை இல்லாத மாசங்களில் மட்டும் கறுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பார்கள். ஆறு வகுப்போடு படிப்பு நின்றது. ஒரு வருசம் அப்பாவும் அம்மாவும் வயித்தைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்து, சொந்தமாகக் கோவேறு கழுதைகளும் பசுவும் வாங்கினார்கள். குடும்பம் தலையெடுப்பது பொறுக்காத யாரோ தீவனத்தில் விஷம் வைத்துவிட்டார்கள். கால்நடை எல்லாம் செத்துப்போனது. மாடு வாங்கக் கடன் எடுத்தவர்களுக்கு அந்த வலி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுதப் படிக்கத் தெரிந்ததால் பின்னாளில் ரூல்வில் ஊருக்குப் பக்கத்துப் பண்ணையில் பருத்தி எடை எழுதும் கணக்கு வேலை கிடைத்தது. அங்கேதான் டிராக்டர் ஓட்டிய பாப் ஹேமரைக் கல்யாணம் செய்தார். பண்ணையின் எடைக்கல்லில் மோசடி இருந்தது. பண்ணையார் தலை மறைந்ததும் இவர் சரியான எடைக்கல்லை வைத்து எடை போடுவார், கூலிக்காரர்களுக்கு அவர்கள் எடுத்த எடை முழுசாக விழும். ஓட்டுக்கு முன்னாலேயே அவர் போராட்டம் தராசில் ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

1961-ல் வயிற்றுக் கட்டிக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு, அவரைக் கேட்காமலே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். ஏழைக் கறுப்புப் பெண்கள் பலருக்கு அங்கே இப்படி நடந்தது. சொந்தப் பிள்ளை என்ற பேச்சு அதோடு முடிந்தது. இரண்டு பெண்பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள்.

தனக்கு ஓட்டுரிமை இருக்கிறது என்பதே அந்தம்மாவுக்கு 1962-ல்தான் தெரியும். வயசு 44. ஊர்ச் சர்ச்சில் இளைஞர்கள் நடத்திய கூட்டத்தில் சொன்னார்கள். ஆகஸ்ட் 31-ந் தேதி 18 பேர் பஸ்ஸில் இண்டியனோலா கச்சேரிக்குப் பேர் பதியப் போனார்கள். அங்கே பரீட்சை வைத்தார்கள். மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் பார்த்து எழுதி, அதற்கு விளக்கமும் சொல்லணும். ஆறு வகுப்பு படித்தவரிடம் அதைக் கேட்டால்? தோற்றார். திரும்பி வரும்போது, பஸ்ஸின் மஞ்சள் நிறம் அதிகம் என்று சொல்லி அபராதம் போட்டார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் நடந்தது. வீட்டுக்கு வந்தால், பதிவை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வெளியே போ என்று பண்ணையார் நின்றார். 18 வருசம் வேலை பார்த்த இடத்தை அன்று ராத்திரியே விட்டுக் கிளம்பினார். சில நாளில் அவர் தங்கிய வீட்டின்மேல் 16 தடவை துப்பாக்கியால் சுட்டார்கள்.

விடவில்லை. மூன்றாவது தடவை, 1963 ஜனவரியில் பரீட்சையில் தேறினார். தேறியும் ஓட்டுப் போட முடியவில்லை. ஓட்டுவரி கட்டிய இரண்டு வருச ரசீது வேணும் என்றார்கள். அந்த வரியை வாங்குகிறவர் யார் தெரியுமா? ஷெரீப். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லணும். நம்ம ஊரில் போலீஸ் அதிகாரியை அரசாங்கம் நியமிக்கும். அங்கே கவுண்டிக்குப் போலீஸ் தலைவரான ஷெரீப்பை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். கைது, ஜெயில் எல்லாம் அவர் கையில், மிசிசிப்பியில் அந்தக் காலத்தில் வரி வசூலும் அவர் கையில். அதேமாதிரி பள்ளிக்கூடத்தை எத்தனை மாசம் நடத்துவது, யாரை வாத்தியாராகப் போடுவது என்பதைப் பள்ளி வாரியம் தீர்மானிக்கும். பல ஊரில் அதற்கும் தேர்தல் உண்டு. ஓட்டே இல்லாதவர்களுக்கு ஜெயிலும் அடுத்தவன் கையில், பள்ளிக்கூடமும் அடுத்தவன் கையில்.

அந்த ஜெயிலை அவர் 1963 ஜூனில் பார்த்தார். பயிற்சி முடித்துத் திரும்பும் வழியில் வினோனா ஊரில் கைது செய்து, ஜெயிலில் இருந்த கறுப்புக் கைதிகளையே மிரட்டி அவரை அடிக்க வைத்தார்கள். சிறுநீரகம் கெட்டது. ஒரு கண்ணில் பார்வை குறைந்தது. அந்தக் கேடு சாகும்வரை தீரவில்லை. ஷெரீப் உட்பட 5 பேர்மேல் மத்திய அரசு வழக்குப் போட்டது. ஜூரியில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்காரர்கள், 5 பேரும் விடுதலை.

அடுத்த வருசமே, 1964-ல், தேர்தலில் நின்றார்! அதுவும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, பலகாலமாக ஜெயித்து வந்த ஜேமி விட்டனை எதிர்த்து. தோற்றுத்தான் போனார். ஓட்டாளர்களே பதிவாகாத ஊரில் வேறென்ன நடக்கும். ஆனால் ஒரு பருத்திக் கூலிக்காரி வேட்பாளராக நிற்கலாம் என்பதை ஜனங்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்த ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், தனக்கு நடந்ததை எல்லாம் விவரமாகச் சொன்னார். அதை டிவியில் காட்டவிடாமல் ஜனாதிபதி ஜான்சன் அவசரமாக ஒரு பத்திரிகைச் சந்திப்பு வைத்தார். டிவிக்காரர்கள் ராத்திரி அதைத் திரும்பக் காட்டினார்கள், நாடே பார்த்தது. இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்று சமாதானம் பேசினார்கள். இவர் குழு வேண்டாம் என்றது. 1965-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

சட்டம் வந்தால் மட்டும் போதுமா. தன் கவுண்டியில் சன்ஃப்ளவர், மூர்ஹெட் என்ற இரண்டு சின்ன ஊர்களில் கறுப்பர்கள் பேர் பதிய அவகாசம் தராமலே உள்ளூர்த் தேர்தல் நடத்திவிட்டார்கள் என்று இவரும் மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் அந்தத் தேர்தல்களையே ரத்து செய்தது. 1967 மே மாதம் மறுதேர்தல் நடந்தது. கறுப்பு வேட்பாளர்கள் அதிலும் தோற்றார்கள். பக்கத்து அலபாமா மாநிலத்தில் லவுண்ட்ஸ் கவுண்டியிலும் இப்படித்தான். 1966-ல் கறுப்பர்களே தனிக் கட்சி கட்டி, ஷெரீப்புக்கும் பள்ளி வாரியத்துக்கும் ஆள் நிறுத்தினார்கள், பெண்களும் நின்றார்கள். படிக்காதவர்கள் பார்த்து ஓட்டுப் போட, நம்ம ஊர் மாதிரியே சின்னம் உண்டு, கருஞ்சிறுத்தை. எல்லோரும் தோற்றார்கள். 1970-ல் அதே கவுண்டியில் ஜான் ஹூலெட் என்ற கறுப்பர் ஷெரீப்பாக ஜெயித்தார். நாலு வருசத்தில் காற்று திரும்பியது.

இனி நம்ம குழுக்களுக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஓட்டு கேட்கிற ஜனங்களுக்கு முதலில் சோறு வேணும் என்பதை ஹேமர் நன்றாகத் தெரிந்தவர். ஓட்டுப் பதிந்தால் வேலையும் போகும், வீடும் போகும். பசியை வைத்துத்தானே மிரட்டுகிறார்கள்! அதனால் பன்றி வங்கி ஆரம்பித்தார். நீக்ரோ பெண்கள் தேசிய கவுன்சில் என்ற பெண்கள் சங்கம் 35 பெட்டைப் பன்றியும் 5 கிடாவும் வாங்கிக் கொடுத்தது. சினையான பன்றியை ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். குட்டி போட்டதும் தாயை வங்கிக்குத் திருப்பி விடணும், குட்டிகளில் இரண்டையும் வங்கிக்குக் கொடுக்கணும். மிச்சக் குட்டிகள் குடும்பத்துக்கு. அந்த இரண்டு குட்டி இன்னொரு வீட்டுக்குப் போகும். நம்ம சுழல் நிதியும், வாரத்துக்கு ஆடு வளர்க்கிற வழக்கமும் சேர்ந்தமாதிரி. வட்டி கிடையாது, பணமே புழங்கவில்லை.

1969-ல் 40 ஏக்கர் வாங்கி ஒரு கூட்டுறவுப் பண்ணையும் தொடங்கினார். பின்னால் அது 600 ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. காய்கறி, பீன்ஸ், கீரை எல்லாம் போட்டு ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். மாதச் சந்தா 1 டாலர், அதைக்கூடக் கட்ட முடியாதவர்கள்தான் அதிகம், அவர்களுக்கும் பங்கு உண்டு. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வந்தன. கடனும் நிலவரியும் ஏறின. 1970-களின் நடுவில் நிலம் கைவிட்டுப் போனது. வெளியிலிருந்து வந்த நன்கொடையையே பெரும்பாலும் நம்பியிருந்ததும், ஹேமர் ஒருத்தர் தலையிலேயே எல்லாப் பாரமும் இருந்ததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1967-ல் மூத்த மகள் டோரதி இறந்துபோனார். மகளின் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளையும் ஹேமரும் கணவரும் எடுத்து வளர்த்தார்கள். 1971-ல் மாநில செனட்டுக்கு நின்று மறுபடியும் தோற்றார். அதே வருசம் அரசியலில் பெண்களைக் கொண்டுவர நாடளவில் ஆரம்பித்த அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரானார். ஒரு தேர்தலிலும் ஜெயிக்கவில்லை.

மார்பகப் புற்றுநோயும் ரத்த அழுத்தமும் சேர்ந்து 1977 மார்ச் 14-ந் தேதி மவுண்ட் பேயூ ஆஸ்பத்திரியில் காலமானார். வயசு 59. ரூல்வில்லில், அவர் கட்டி வளர்த்த அந்தக் கூட்டுறவுப் பண்ணை மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். 2012-ல் அங்கே சிலை வைத்தார்கள்.