ஆழிக்குமரன்

தொண்டித் துறையில் நின்று கிழக்கே நோக்கினால் கண்ணுக்குத் தெரிவது நீர் ஒன்றே. நம் செட்டிநாட்டு முன்னோருக்கோ அந்த நீருக்கு அப்பால் ஊர் தெரிந்தது, உறவு தெரிந்தது, தொழில் தெரிந்தது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பிறந்தவர்கள் கொழும்பிலே கடை வைத்தார்கள். அங்கே ஒரு தெருவுக்கே செட்டியார் தெரு என்ற பெயர் நிலைத்தது. ஆடிவேல் விழா நடந்தது. தனுஷ்கோடி வரையில் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அக்கரைக்குப் போவது அடுத்த தெருவுக்குப் போய் வருவதுபோல இருந்த காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. ஆனால் கடல் அங்கேயேதான் இருந்தது.

அந்தக் கடலைத் தன் இரு கரங்களால் அளந்து போய், அதே கரங்களால் அளந்து திரும்பியும் வந்த தமிழர் ஒருவர் இருந்தார். வி. எஸ். குமார் ஆனந்தன் என்பது ஏட்டில் உள்ள பெயர். ஆழிக்குமரன் ஆனந்தன் என்பது மக்கள் தந்த பெயர். அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஈழத் தமிழர் நெஞ்சில் இன்றும் வாழ்கிற அந்தப் பெயரை இக்கரையிலுள்ள நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? அறியாதது பிள்ளைகளின் குற்றமா? சொல்லாத நம் குற்றமே!

யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையின் மைந்தர் ஆனந்தன். 1943 மே 25இல் பிறந்தவர். வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதே கரையிலிருந்து 1954இல் நவரத்தினசாமி என்பவர் பாக் நீரிணையை நீந்திக் கோடிக்கரையில் ஏறினார். இப்படிப்பட்ட மண்ணில் வேர்விட்ட குடும்பம். படிப்பிலே சட்டம், தொழிலிலே வழக்கறிஞர். கறுப்பு அங்கி அணிந்து வாதாடிக்கொண்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட வழக்கு வேறு. மனித உடலின் எல்லை இதுதான் என்று உலகம் தீர்ப்பெழுதி வைத்திருந்ததே, அந்தத் தீர்ப்பின்மீது மேல்முறையீடு செய்தார் ஆனந்தன்!

1966இல் வங்காளத்து வீரர் மிகிர் சென் பாக் நீரிணையை ஒருமுறை நீந்திக் கடந்தபோது நாடே கொண்டாடியது. அதற்கு 25 மணி 36 நிமிடம் பிடித்தது. அதுவே அரிய செயல். 1971இல் ஆனந்தன் இலங்கைக் கரையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்தி வந்தார். வந்தவர் மீண்டும் கடலில் இறங்கி இலங்கைக் கரைக்கே நீந்திப் போனார். 51 மணி நேரம்! இரண்டு பகல், இரண்டு இரவு, அதற்கு மேலும் மூன்று மணி. உப்பு நீர் நாவை அரிக்கும். இருளில் திசை மயங்கும். நீரோட்டம் முன்னால் வைத்த உடலைப் பின்னால் இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூக்கம் வந்து இமையை அழுத்தும். இத்தனைக்கும் ஈடுகொடுத்துக் கரை சேர்ந்தார் அவர்.

கடலோடு அவர் நிற்கவில்லை. 1979 மே மாதம், கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிச் சுற்றி மிதிவண்டி ஓட்டினார். ஒரு மணியல்ல, ஒரு நாளல்ல. 187 மணி 28 நிமிடம். ஏறத்தாழ எட்டு நாள்! ஒற்றைக் காலில் 33 மணி நேரம் நின்றார். காலை உயரத் தூக்கி உதைக்கும் போட்டியில் 6 மணி 51 நிமிடத்தில் 9,100 உதைகள் உதைத்தார். கின்னஸ் புத்தகத்தில் அவர் பெயர் பல பக்கங்களில் ஏறியது.

நம் சென்னைக்கும் வந்தார் ஆனந்தன். 1981 மே 13 முதல் 17 வரை, கடற்கரையை அடுத்த அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் கால் ஊன்றாமல், கரையைப் பற்றாமல், நீரை மிதித்துக்கொண்டே மிதந்தார். அதுவும் அன்று உலக சாதனை. ஒரு தலைவரின் பெயர் தாங்கிய குளத்தில் ஓர் ஈழத் தமிழர் உலகை வென்றார் என்பது தமிழகம் மறக்கக்கூடாத செய்தி.

இவற்றால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. ஒற்றைக் காலில் நின்றால் ஊருக்குச் சோறு கிடைக்குமா என்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைன் 1962 மார்ச் 2இல் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அது சாதனை என்பதை யாரும் மறுப்பதில்லை. பந்து உண்டு, எதிரணி உண்டு, பந்தை எடுத்துத் தர நான்கு தோழர்கள் உண்டு. ஆனந்தனுக்கு எதிரணி யார்? அவருடைய உறக்கம், அவருடைய தசை, போதும், நிறுத்து என்று உள்ளிருந்து கெஞ்சும் அவருடைய மனம். தன்னையே எதிரியாக நிறுத்தித் தன்னையே வெல்வது எளிதா? சின்னஞ்சிறு தீவில், எண்ணிக்கையில் சிறிய இனத்தில் பிறந்தவன், உலகப் பதிவேட்டைத் திறந்து அதில் தன் பெயரை எழுத வைத்தான் என்றால், அதைக் கண்ட சிறுவன் ஒவ்வொருவனும் ஓர் அங்குலம் உயர்ந்திருப்பான். பயன் அதுதான்!

சாதனையின் இயல்பையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சாதனை என்பது அடுத்தவன் வரும்வரை காத்திருக்கும் நாற்காலி. அவருடைய ஒற்றைக்கால் சாதனையை 1982இல் நம் சத்தியமங்கலத்து மனிதர் ஒருவரே 34 மணி நேரம் நின்று முறியடித்தார். 1983 ஜூன் மாதம் போர்ச்சுகலில் ஒருவர் 191 மணி நேரம் மிதிவண்டி ஓட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் மால்ட்டா தீவில் ஒருவர் 108 மணி நேரத்துக்கு மேல் நீர் மிதித்தார். ஏட்டிலே எழுதியதை ஏடே அழித்தது.

அந்த 1983 இன்னொன்றையும் அழித்தது. எந்த நகரின் பூங்காவைச் சுற்றி ஆனந்தன் எட்டு நாள் மிதிவண்டி ஓட்டி இலங்கைக்குப் புகழ் தேடினாரோ, அந்த நகரிலேயே ஜூலை மாதம் தமிழர் கடைகள் எரிந்தன, தமிழர் வீடுகள் எரிந்தன, தமிழர் உயிர்கள் பறிபோயின. அவர் நீந்திக் கடந்த அதே நீரிணையில் குழந்தையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து அகதிகள் இராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். பதிவேட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் இலங்கை என்று எழுதியிருந்தது. அந்த நாடு அவர் இனத்துக்குச் செய்த கைம்மாறு இது!

அடுத்த ஆண்டு ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார் ஆனந்தன். 1875இல் மாத்யூ வெப் முதன்முதலாக நீந்திக் கடந்த கால்வாய் அது. தூரம் சுமார் 21 மைல். 51 மணி நேரம் கடலில் கிடந்தவருக்கு இது பெரிதா என்று தோன்றும். ஆனால் பாக் நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையிலும் எலும்பைத் துளைக்கும் குளிர். நீந்துபவனின் உடற்சூட்டை அது மெல்ல மெல்லக் களவாடும். 1984 ஆகஸ்ட் 6இல் அந்த முயற்சியிலேயே ஆனந்தன் உயிர் நீத்தார். வயது 41.

தோற்றார் என்று சொல்லலாமா? கால்வாயை வென்ற வெப்பும் 1883இல் நயாகராவின் சுழலில் மாண்டவர்தாம். கடலை நேசித்தவர்களைக் கடல் சில வேளை தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மணிக்கணக்குகள் முறிந்தன, இன்னும் முறியும். ஆனால் இரு தமிழ்க் கரைகளுக்கும் இடையே உள்ளது ஒருவன் நீந்திப் போய் நீந்தித் திரும்பக்கூடிய தொலைவுதான் என்று 1971இல் அவர் மெய்ப்பித்தாரே, அதை எந்த ஏடு அழிக்கும்? எந்த அரசு அழிக்கும்?

அவருக்கு நாம் என்ன செய்யலாம்? மாலையும் மேடையும் ஒரு நாள் கூத்து. நம் செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் ஊருணி உண்டு. அதில் குதித்து நீச்சல் பழகிய தலைமுறை நம்முடையது. இன்று பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியவில்லை. விடுமுறை வந்தால் ஏதோ ஒரு கண்மாயில் பிள்ளை மூழ்கிய செய்தியும் வருகிறது. ஊருணிகளைத் தூர் வாருவோம். பிள்ளைகளை நீரில் இறக்கி, அருகில் நின்று, கைகால் அடிக்கக் கற்றுக்கொடுப்போம். கற்றுக்கொடுக்கும்போதே ஆழிக்குமரன் ஆனந்தனின் கதையையும் சொல்வோம். அந்தப் பிள்ளைகளில் ஒன்று என்றாவது தொண்டித் துறையில் நின்று கிழக்கே பார்க்கும். அதன் கண்ணுக்கும் நீருக்கு அப்பால் ஊர் தெரியட்டும்!