இரண்டு முறை தோற்ற கணித மேதை



கிள்ளானில் சனிக்கிழமைதோறும் படிவம் ஐந்து பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். ஒரு பாடத்தில் தோற்றதுமே தனக்குப் படிப்பு வராது என்று முடிவு கட்டிவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது சீனிவாச இராமானுஜன் கதைதான். பேர் எல்லாருக்கும் தெரியும். அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதியவர். பள்ளியில் படிக்கும்போது, கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று இரவலாகக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், விளக்கமோ மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். அந்தப் புத்தகம்தான் அவருக்கு வாத்தியார்.

கணிதத்தில் மூழ்கியவர் மற்றப் பாடங்களைக் கவனிக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போனது. பிறகு சென்னையில், 1906, 1907 என இரண்டு ஆண்டும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் எழுதி வைத்தார். நாமக்கல் நாமகிரித் தாயார் அருள்தான் எல்லாம் என்று நம்பினார். ஆனாலும் தாயார் பார்த்துக்கொள்வாள் என்று சும்மா உட்காரவில்லை, நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

1910-இல் திருக்கோவிலூரில் இருந்த இராமசாமி ஐயரிடம் போய் வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டியதும், இந்தப் பையனைக் கிராணி வேலையில் போட்டு முடக்கக்கூடாது என்று புரிந்துகொண்டு, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படித்தான் நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் அறிமுகமாகி, மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் கிராணி வேலை கிடைத்தது. அங்கும் மேலதிகாரிகள் துணை நின்றார்கள்.

இங்கிலாந்துப் பேராசிரியர்கள் சிலருக்கு எழுதினார். உதவி வரவில்லை. விடாமல் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதினார். ஹார்டி கடிதத்தை ஒதுக்காமல் உட்கார்ந்து படித்தார். 1914-இல் இராமானுஜன் கப்பலேறினார். சைவச் சாப்பாடு, குளிர், உலகப் போர், நோய் எல்லாவற்றுக்கும் நடுவில் 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

1919-இல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-இல் 32 வயதில் மறைந்தார். கடைசி ஆண்டில் படுக்கையில் கிடந்தபடி எழுதிய போலித் தீட்டா சார்புகளை இன்று இயற்பியலாளர்கள் கருந்துளை ஆய்வில் பயன்படுத்துகிறார்கள்.

தம்பி, தங்கைகளே, உங்கள் நோட்டை ஒளித்து வைக்காதீர்கள். நாலு பேர் பார்க்காவிட்டால் ஐந்தாவது ஆளிடம் காட்டுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரிக்பீல்ட்ஸோ கிள்ளானோ, தேர்வில் தோற்ற பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்தால் எத்தனை ஏ என்று மட்டும் கேட்காதீர்கள். அது ஆசையாகச் செய்வதை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால், புரிந்தவரிடம் கூட்டிப் போங்கள். இராமசாமி ஐயர் செய்தது அவ்வளவுதான்.